வெண்டைக்காய் ஒடியும் நேரம்

"என் முதுகுக்குப் பின்னால நின்னு ஒரு வெண்டைக்காயோட நுனியை ஒடிங்க. அது செடியை விட்டுப் பிரிஞ்சு எவ்வளவு நேரமாச்சுன்னு சொல்லலைன்னா, என் காதை அறுத்து உங்க கூடையிலேயே போட்டுடறேன்!"

டைம் கீப்பர் இப்படிச் சவால் விட்டபோது ஞாயிற்றுச் சந்தையில் அதைக் கேட்டவர்கள் மொத்தம் பதினோரு பேர். பிற்பாடு அவரே சொல்லச் சொல்ல அந்தப் பதினொன்று நூற்றுப்பத்தாகி, அதற்கும் பிறகு சந்தை கொள்ளாத கூட்டமாகிவிட்டது வேறு கதை. பதினோரு பேரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவரவர் பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் கதைகளை யாரும் சந்தேகப்படுவதில்லை, நம்புவதுமில்லை. வெயில், மழை மாதிரி அதுவும் ஒன்று என்று விட்டுவிடுவார்கள். சந்தேகப்படுவதை ஒரு முழுநேர வேலையாகவே செய்துவந்தவர் ஒருவர்தான். அவர் டைம் கீப்பருடைய மனைவியின் அண்ணன். உணவுப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருஷம் குடுவைகளை ஆட்டிப் பார்த்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் எல்லாரும் அவரை 'லேப்' என்பார்கள். "மாப்பிள்ளே, உங்க காதை வச்சு நாங்க என்ன பண்றது? அதுல விதையா இருக்கு, போட்டா முளைக்க?" என்றுதான் அன்றைக்கும் கேட்டார்.

டைம் கீப்பர் பஸ் டிப்போவில் வேலை பார்த்தவர். வண்டி வாசலுக்குள் நுழையும் முன்பே, குனிந்த தலை நிமிராமல், சத்தத்தை வைத்தே எந்த வண்டி, யார் ஓட்டுகிறார், கிளட்சில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார் என்பது உண்மை. ஓட்டுநருக்கு அன்று காலையில் வீட்டில் சண்டையா இல்லையா என்பதையும் சொல்லிவிடுவார் என்பது அவர் சேர்த்துக்கொண்டது. மனைவி இதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தாள். "இவர் எதைச் சொன்னாலும் நாலால வகுத்து, வர்றதுல பாதியை எடுத்துக்கோங்க." ஆனால் அவளுக்கும் தெரிந்த, டிப்போவில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. வாயால் எவ்வளவு அளந்தாலும், அந்த மனிதர் நேர ஏட்டில் ஒரு நிமிஷத்தைக்கூட மாற்றி எழுதியதில்லை. மேலதிகாரி தோளில் கை போட்டுக் கேட்டும் எழுதவில்லை. சொந்தத் தம்பி ஓட்டிவந்த வண்டி ஏழு நிமிஷம் தாமதமானபோது ஏழு என்றே எழுதினார். தம்பி ஒரு வருஷம் பேசவில்லை.

சந்தை ஒரு பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து மைதானத்தில், ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கூடும். முப்பது மேசைகள். வெள்ளைக் கோடுகளுக்குள்தான் கடை போட வேண்டும். விளைவித்தவரே விற்க வேண்டும். பக்கத்து மண்ணில் விளைந்ததாக, மருந்து அடிக்காததாக இருக்க வேண்டும். முந்தின நாள் மாலைக்கு முன் பறித்தது எதுவும் மேசைக்கு வரக் கூடாது. பறித்த நேரத்தைச் சின்னக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வைக்க வேண்டும். டைம் கீப்பரைக் கட்டிப்போட்டது அந்தக் கரும்பலகைகள்தான். காய்கறிக்கு நேரம் எழுதி வைக்கிற இடம் உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்த அன்றே அவருக்குச் சாப்பாட்டின் மேல் இருந்த அக்கறையெல்லாம் இங்கே வந்து சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மேசை மேசையாகப் போய், "பீர்க்கங்காய் நாலு மணி பத்து நிமிஷம். சபாஷ்! முள்ளங்கி நேத்து மாலை ஆறு. பரவாயில்லை!" என்று பயணிகளை வரவேற்பதுபோல வரவேற்பார்.

வெண்டைக்காய் உள்ள எல்லா மேசைகளிலும் 'நுனி ஒடிக்காதீர்கள்' என்று எழுதியிருக்கும். வெண்டைக்காய் விற்கும் அக்காவின் மேசையில் மட்டும் அப்படி இல்லை. வருகிறவர்கள் எதிரில் அவளே ஒரு காயை எடுத்து, டக்கென்று நுனியை ஒடித்து, மீதியைக் கையில் கொடுத்துவிடுவாள். "கடிச்சுப் பாருங்க, அப்புறம் வாங்குங்க." ஆளுக்கு ஒரு காய். இரண்டு மணி நேரத்தில் அந்த மூலையிலிருந்து எழும்பும் டக் டக் சத்தம், தட்டச்சுப் பள்ளி நடப்பது போலிருக்கும். டைம் கீப்பர் அந்தச் சத்தத்துக்கு மயங்கித்தான் மேற்படி சவாலை விட்டார். பதினோரு பேர் சிரித்தபோது அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "இருக்கும் சார். எனக்கே சத்தம் கேட்டா தெரியும். உங்களுக்கு என்னைவிட நல்ல காது" என்றாள். அவரை வாழ்நாளில் யாரும் அப்படி ஒரேயடியாக நம்பியதில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார்.

அடுத்த வாரம் சந்தையின் வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. நகரத்து மொத்தக் காய்கறி மண்டியின் வாசலில், விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், இரண்டு மூட்டைகளோடு அக்கா நின்றுகொண்டிருந்தாள். கீழே ஒரே ஒரு வரி: 'தோட்டம் இங்கேதான் இருக்கிறதா?' அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் எழுபது பதில்கள். வழக்கமாக வரும் வண்டி மண்டி வாசலில் பஞ்சராகி நின்றது, மாற்று வண்டிக்குக் காத்திருந்தேன் என்று அக்கா குரல்பதிவில் சொல்லி அனுப்பினாள். அதைக் கேட்டவர்களைவிடப் படத்தைப் பார்த்தவர்கள் அதிகம். மண்டியில் வாங்கித் தன் தோட்டத்துக் காய் என்று விற்றது நிரூபணமானால் மேசை போய்விடும். மூன்று வருஷம் காத்திருந்து வாங்கிய மேசை. அவளுடைய ஒன்றரை ஏக்கருக்கு வாரத்தில் ஒரே வாசல் அதுதான்.

குழுவில் நடந்த சண்டையைப் படித்தபோதுதான், இத்தனை பேர் எதற்காக ஞாயிறு தூக்கத்தை விட்டு இங்கே வருகிறார்கள் என்பதே டைம் கீப்பருக்குத் தெரியவந்தது. 'எம் பொண்ணு பச்சைக் காயைக் கையால தொட்டதே அந்தக்கா குடுத்த வெண்டைக்காயைத்தான்' என்று ஒரு தாய். 'ராத்திரி டியூட்டி முடிஞ்சு நேரா வர்றேன், ஆஸ்பத்திரி வாசனை போகணும்னா மண்ணோட இருக்கிற ஏதாவது ஒண்ணு கையில வேணும்' என்று ஒரு நர்ஸ். 'என்ன அடிச்சீங்கன்னு கேட்டா பதில் சொல்ல எதிர்ல ஒரு ஆள் இருக்காங்க, அதுக்குத்தான் வர்றேன். அந்த ஆள் பொய் சொன்னா நான் கடையிலேயே வாங்கிக்குவேனே' என்று சந்தைக் குழுவின் தலைவி, பல் டாக்டரம்மா. அந்தக் கடைசி வரிதான் எல்லாரையும் உறுத்தியது. டைம் கீப்பர் தம் மனைவியைக் கேட்டார், நீ எதுக்கு வாங்குறே என்று. "கடைக் காய் மூணாம் நாள் கொழகொழன்னு ஆயிடுது, இது ஒரு வாரம் நிக்குது. இதுக்கு எதுக்குங்க இவ்வளவு தத்துவம்?" என்றாள் அவள்.

திங்கட்கிழமை டாக்டரம்மாவின் கிளினிக்கில், நோயாளிகள் உட்காரும் நாற்காலிகளில் குழு கூடியது. தோட்டத்தைப் போய்ப் பார்க்கலாம் என்றார் ஒருவர். "தோட்டத்துல வெண்டைக்காய் இருக்கும். கூடையில இருக்கிறது அதுதானான்னு எப்படித் தெரியும்?" என்றார் டாக்டரம்மா. அப்போது லேப் தொண்டையைக் கனைத்தார்.

"மண்டிக்கு வர்ற காய் செடியை விட்டு ரெண்டு நாளாவது ஆகியிருக்கும். தூரத்துல இருந்து வருது. அன்னைக்குக் காலையில பறிச்சதுன்னா அது மண்டிக் காய் இல்லை. அதனால கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், எப்போ பறிச்சது? அதைச் சொல்றதுக்கு நம்மகிட்ட உலகத்திலேயே ஒரே ஒரு கருவி இருக்கு." மைத்துனரின் காதைச் சுட்டிக்காட்டினார். "என்ன மாப்பிள்ளே, இருக்கா இல்லையா?"

அறை சிரித்தது. டைம் கீப்பரும் சிரிக்க வாயைத் திறந்தார். மூலையில் நின்றிருந்த அக்கா, "சார் சொல்லிடுவாரு. சார் காதை நான் நம்புறேன்" என்றாள். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

"எதுக்கு மச்சான் இப்படி மாட்டி விட்டீங்க?" என்று வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார்.

"மாட்டி விடலை. அந்தப் பொண்ணு பொய் சொல்லலைன்னு எனக்கும் ஆசைதான்" என்றார் லேப், செருப்பை மாட்டியபடி. "போன மாசம் ரெண்டு வாரம் காய்ச்சல்ல கிடந்தேனே, மூணாவது வாரம் போனப்ப, ஏன் சார் ரெண்டு வாரமா காணோம்னு கேட்டது அவ ஒருத்திதான். நீங்ககூடக் கேட்கலை. ஆனா ஆசை வேற, நிரூபணம் வேற. எனக்கு நிரூபணம் இல்லாம நம்பத் தெரியாது மாப்பிள்ளே. அது ஒரு வியாதி."

அந்த வாரம் டைம் கீப்பரின் வீட்டில் நடந்ததை எந்தப் பல்கலைக்கழகத்திலும் ஆராய்ச்சி என்றே பதிவு செய்திருப்பார்கள். அக்காவின் தோட்டத்துப் பக்கம் போகக் கூடாது என்று லேப் தடை போட்டுவிட்டதால், வேறு இரண்டு தோட்டங்களில் கெஞ்சி, கண்ணெதிரே பறித்து வாங்கிவந்தார். கிண்ணம் கிண்ணமாக வெண்டைக்காய். ஒவ்வொன்றிலும் நேரச் சீட்டு. சாப்பாட்டு மேசை, ஜன்னல் விளிம்பு, தையல் மெஷின், டிவியின் தலை, எங்கும் வெண்டைக்காய். இரண்டு மணிக்கொருதரம் அலாரம் அடிக்கும். மூன்று காயை ஒடித்துக் காதருகே வைத்துக் கேட்டு எழுதிக்கொள்வார். முதல் நாள் எல்லாமே டக். இரண்டாம் நாளும் டக். வாழ்க்கையில் முதன்முறையாக அவருக்கு வியர்த்தது. மூன்றாம் நாள் மத்தியானம், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவியைக் குழாயை மூடச் சொல்லிவிட்டு ஒரு காயை ஒடித்தவர், அப்படியே எழுந்து நின்றுவிட்டார்.

"ஏன், என்ன ஆச்சு?"

"இது டக் இல்லடி. இது டப். பின்னாடி சின்னதா ஒரு இழுவை இருக்கு. நாலாவது கியர் சரியா விழாத வண்டி மாதிரி!"

அவளுக்கு ஒரு மண்ணும் கேட்கவில்லை. அவர் குதித்தார். அறுபத்தாறு வயதில், சமையலறைத் தரையில், இரண்டு கால்களும் தரையை விட்டு எழும்பும்படி குதித்தார். அன்றைக்கே பறித்தது கண்ணாடி உடைவதுபோல. ராத்திரி தாண்டினது விரல் சொடுக்குவதுபோல. இரண்டு நாள் ஆனது ஈரத் துணியைக் கிழிப்பதுபோல. கேட்டுவிட்டது. ஆனால் பத்துக்கு ஏழுதான் சரியாக வந்தது. மூன்று காய் தப்பினால் ஒருத்தியின் மேசை போகும். சனிக்கிழமை மாலை, மனைவியை உட்காரவைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு நீ முன்னால நில்லு. அக்காவோட காய் வரும்போது ஒரே ஒரு தடவை இருமு. போதும்."

"சே! எங்க அண்ணனையே ஏமாத்தணுமா?"

"உங்கண்ணனை யாரு ஏமாத்தறா? காதுக்கு ஒரு கைத்தடி, அவ்வளவுதான். அந்தப் பொண்ணு பொய் சொல்றவளா, நீயே சொல்லு?"

அவள் ஒத்திகை பார்ப்பதுபோல ஒருமுறை இருமினாள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கூடைப்பந்து வளையத்தின் கீழே மேசை போட்டார்கள். டைம் கீப்பரை அதற்கு முதுகு காட்டி உட்காரவைத்து, மடியில் ஒரு நோட்டையும் பேனாவையும் கொடுத்தார் லேப். "வாயால சொல்ல வேண்டாம். நீங்க வாயால சொன்னா என்ன ஆகும்னு ஊருக்கே தெரியும். எழுதுங்க." கையில் ரப்பர் உறை வேறு மாட்டியிருந்தார் அந்த மனுஷர், வெண்டைக்காய் வெடித்துவிடும் என்பதுபோல. நான்கு கிண்ணங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் எங்கே வாங்கியது, எப்போது பறித்தது என்று எழுதி மடித்த சீட்டு. சந்தையே வந்து நின்றது. கரும்புச் சாறு மெஷினை நிறுத்தினார்கள். தாய்மார்கள் குழந்தைகளின் வாயில் கேரட்டைச் செருகினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் அக்கா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் கிண்ணம். மூன்று முறை ஒடிந்தது. ஈரத் துணி. எழுதினார். இரண்டாவது, சத்தத்தில் ஒரு மொறுமொறுப்பு, அதற்குள்ளே ஒரு சளசளப்பு. குளிர்பெட்டியில் கிடந்து எழுந்து வந்தது. எழுதினார். மூன்றாவது, விரல் சொடுக்கு. நேற்று மாலை ஆறு. எழுதும்போதே உள்ளே ஓர் ஆனந்தம் கொதித்தது. சரியாக இருக்கிறது என்று கை சொன்னது. நான்காவது கிண்ணத்துக்கு லேப் நகர்ந்தார். முன்வரிசையில் மனைவி இருமினாள்.

டப்.

அவர் பேனா நின்றது. தப்பாகக் கேட்டுவிட்டது என்று நினைத்தார். இரண்டாவது காய் ஒடிந்தது. டப், அதன் பின்னால் அந்த இழுவை. மூன்றாவதும் அதே. மனைவி, கேட்கவில்லையோ என்று, இன்னொரு முறை பலமாக இருமினாள். பக்கத்தில் யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

'ஞாயிறு, காலை ஐந்து' என்று எழுதினால் முடிந்துவிடும். மூன்று வார்த்தைகள். அவர் தினமும் காலைக் காப்பிக்கு முன்பே சொல்லும் பொய்களைவிடச் சின்னது. பேனாவை வைத்தார், 'ஞா' என்று எழுதவும் எழுதினார். அதற்கு மேல் கை நகரவில்லை. காது ஒன்றைக் கேட்டிருக்க, கட்டம் போட்ட தாளில் வேறொன்றை எழுத அந்தக் கைக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. 'ஞா'வை அடித்துவிட்டு எழுதினார்: 'வெள்ளி, மாலை ஐந்து.'

லேப் நோட்டை வாங்கி உரக்கப் படித்தார். மண்டிக் காய், சரி. கடையின் குளிர்பெட்டிக் காய், சரி. பக்கத்து மேசைக்காரரின் காய், நேற்று மாலை ஆறு மணி, சீட்டிலும் ஆறு. கூட்டம் "ஓ!" என்றது. கைதட்டல் எழும்பும்போதே லேப் நான்காவது சீட்டைப் பிரித்தார். 'இன்று அதிகாலை' என்றிருந்தது. அவர் நோட்டைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், மைத்துனரின் வெளிறிய முகத்தைப் பார்த்தார். குரல் அவருக்கே இறங்கிவிட்டது. "இங்க வெள்ளிக்கிழமைன்னு எழுதியிருக்கு. ஒண்ணு இவரு காது தப்பு. இல்லைன்னா..."

"சார் காது தப்பில்லை."

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. குரல் மட்டும் உடையவில்லை. "வெள்ளிக்கிழமை பொழுது சாய பறிச்சதுதான். எல்லாம் என் தோட்டத்துக் காய்தான், சத்தியமா. இன்னைக்குச் சோதனைன்னு சொன்னீங்களா, கோணல் இல்லாம, புள்ளி இல்லாம, ஒரே நீளமா பொறுக்கி ஈரத்துணியில சுத்தி வச்சேன். பரீட்சைக்குப் போற பிள்ளைக்கு நல்ல சட்டை போட்டு விடுறதில்லையா? அதைத்தான் கூடையில மேலாக்கப் பரப்பி வச்சேன். நேரத்தைத்தான் கேப்பீங்கன்னு தெரியும், ஆனா அழகாவும் இருக்கணும்னு தோணிடுச்சு. காலையில பறிச்சது அடியில இருக்கு, சீட்டுல எழுதினது அதோட நேரம். கோணலா இருக்கும்."

பல் டாக்டரம்மாதான் முதலில் அசைந்தார். நேரே அக்காவின் மேசைக்குப் போய், முழங்கை வரைக்கும் கையைக் கூடைக்குள் விட்டு, அடியிலிருந்து ஒரு கொத்தை அள்ளிக்கொண்டு வந்தார். குட்டையும் நெட்டையும், கொக்கி மாதிரி வளைந்ததும், ஒன்றில் பூவின் காய்ந்த முனை ஒட்டியிருந்தது. "திரும்பி உட்காருங்க" என்றார் டைம் கீப்பரிடம், பல் பிடுங்குவதற்கு முன் சொல்லும் அதே குரலில். மனைவியின் பக்கம் திரும்பி, "நீங்க இருமாதீங்க" என்றார்.

டக்.

டைம் கீப்பருக்கு உடம்பு சிலிர்த்தது. கண்ணாடி! மைதானத்தின் மறுகோடியில் முட்டை விற்றுக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். கூடைப்பந்து வளையம் அதிர்ந்தது. மூன்று தெரு தள்ளி ஒரு நாய் குரைத்தது. இரண்டாவது காய். மூன்றாவது. அவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். பேனா தானாக ஓடியது. நோட்டை, திரும்பிப் பார்க்காமலே தலைக்கு மேல் நீட்டினார்.

"ஞாயிறு, காலை ஐந்து மணி ஐந்து நிமிஷம்" என்று படித்தார் லேப். "அது என்ன அஞ்சு நிமிஷம்? எம்மா, எத்தனை மணிக்குப் பறிச்சே?"

"நாலரைக்கு ஆரம்பிச்சேன் சார். இந்தக் கோணல் காயெல்லாம் கிணத்தோர வரிசை. அங்க பறிச்சுக்கிட்டு இருக்கும்போதுதான் வண்டிக்காரர் கிளம்பிட்டேன்னு போன் பண்ணாரு."

"போனை எடு."

அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்து நீட்டினாள். லேப் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைக் கண்ணருகே கொண்டுபோனார். அவர் ஒருதரம் பார்த்தார். உறையைக் கழற்றிவிட்டு விரலால் திரையைத் துடைத்து இன்னொருதரம் பார்த்தார்.

"அஞ்சு ரெண்டு" என்றார்.

அதற்கப்புறம் எழுந்த சத்தத்தை எழுதுவதற்குத் தமிழில் எழுத்துக்கள் போதாது. கேரட்டுகள் வாயிலிருந்து விழுந்தன. நர்ஸ் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா வெள்ளிக்கிழமைக் காயை மேசைக்குக் கொண்டுவந்ததற்காக அக்காவைப் பத்து நிமிஷம் திட்டினார். திட்டி முடித்ததும் கோணல் காயில் ஒரு பை நிறையக் கட்டச் சொன்னார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றது. வழவழவென்று பரப்பி வைத்திருந்த வெள்ளிக்கிழமைக் காயை ஒருவரும் தொடவில்லை. எல்லாரும், "எனக்கு வளைஞ்சதா குடு, எனக்கு இன்னும் கோணலா குடு" என்று கூடையின் அடியையே கேட்டார்கள். டைம் கீப்பர் எழுந்திருக்கப் பார்த்தார். "உட்காருங்க, உட்காருங்க" என்று மனைவி தோளை அழுத்தினாள். "நிஜமாவே கேட்டுச்சாங்க?" என்றாள் காதோடு. அவர் தலையாட்டினார்.

அந்த நேரம் பார்த்துத் தாமதமாக வந்து சேர்ந்த ஒரு பெண், இரண்டு காலிப் பைகளோடு, இந்தக் கூட்டமெல்லாம் எதற்கு என்று வரிசையின் கடைசியில் நின்றவரைக் கேட்டாள். கடைசியில் நின்றது லேப். கையில் பையில்லை, உள்ளங்கையில் கொக்கி மாதிரி வளைந்த ஒரே ஒரு வெண்டைக்காய் இருந்தது.

"ஒருத்தரு வெண்டைக்காய் ஒடியிற சத்தத்தை வச்சே, அது எப்போ பறிச்சதுன்னு சொல்லிட்டாரு" என்றார்.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "யாரு சார் உங்களுக்கு இந்தக் கதையெல்லாம் சொல்றது?"

லேப் காயைக் காதருகே தூக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக நுனியை ஒடித்தார்.

"எனக்கு ஒண்ணும் கேட்கலை" என்றார். "ஆனா நடந்துச்சும்மா. நான் பக்கத்துலதான் நின்னேன்."